ஒரு லாரி செம்மண்: ஒரு மறுப்பு

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் புதிதாக வீடு கட்டி முடித்தோரிடையே, பூச்செடி வைப்பதற்கு முன் மண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி ஏறத்தாழ ஒருமித்த கருத்து ஒன்று நிலவுகிறது. மனையில் கிடக்கும் மண் எதற்கும் ஆகாது, ஆகவே ஒரு லாரி செம்மண் இறக்க வேண்டும். அது இறுகிவிடாதிருக்க மணலையும், செழிப்பதற்கு எருவையும் அதனுடன் சம பங்காகக் கலக்க வேண்டும். பழைய மண்ணை ஆழக் கொத்திப் புரட்டி, குழியெடுத்து, குழி நிறைய இந்தக் கலவையைப் போட்டு நட்டுவிட்டால் குண்டுமல்லியும் ரோஜாவும் தாமாகவே பூத்துக் குலுங்கும் என்பதே அக்கருத்தின் சாரம். நாற்றுப்பண்ணை நடத்துவோரும், கட்டட மேஸ்திரிகளும், அண்டை வீட்டாரும் இதையே வழிமொழிவதால் இது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட உண்மைபோல் ஆகிவிட்டது. ஆயினும் இதன் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து நோக்கினால், ஒன்றிரண்டில் அரை உண்மையும் ஏனையவற்றில் முழுப் பிழையும் இருப்பது தெரியவரும். எல்லாவற்றுக்கும் அடியில், மண் என்பது செங்கல், ஜல்லிபோல வெளியிலிருந்து வாங்கி நிரப்பத்தக்க ஒரு சரக்கு என்னும் எண்ணம் கிடப்பதும் புலப்படும்.

மறுப்புக்குள் புகுமுன் இரண்டு சொற்களை வேறுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. மண்ணில் உள்ள துகள்களின் பருமன் விகிதத்தை மண் நயம் என்பர். 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரையுள்ள துகள் மணல், அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரையுள்ளது வண்டல், அதனினும் நுண்ணியது களி. இத்துகள்கள் மட்குப் பொருளாலும், வேர்களும் பூசண இழைகளும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பசைகளாலும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு குருணைகளாகத் திரண்டிருக்கும் விதத்தை மண் கட்டமைப்பு என்பர். நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழ பாதிக் கொள்ளளவு வெற்றிடமாகவே இருக்கும். அவ்வெற்றிடத்தில் நீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்ளும். வேர் வாழ்வது இந்த இடைவெளியில்தான். நயம் என்பது பாறை சிதைந்த காலத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிட்ட ஒன்று. கட்டமைப்போ சில பருவங்களில் ஆக்கவும், ஒரே நாளில் அழிக்கவும் கூடியது. வழக்கிலுள்ள அறிவுரை முழுவதும் மாற்ற முடியாத நயத்தை மாற்றப் பார்க்கிறது. மாற்றக்கூடிய கட்டமைப்பை அது கண்டுகொள்வதே இல்லை.

செம்மண்ணிலிருந்து தொடங்கலாம். அதன் நிறத்துக்குக் காரணம் துகள்களைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடு. நீர் தேங்காமல் காற்றோட்டத்துடன் இருந்த மண்ணிலேயே அந்நிறம் நிலைக்கும் என்பதால், சிவப்பு நல்ல வடிகாலுக்கு ஓர் அடையாளம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது வளத்துக்கு அடையாளமன்று. செம்மண்ணில் மிகுந்துள்ள களி வகை கயோலினைட். சுண்ணாம்பு, பொட்டாஷ், அம்மோனியம் போன்ற ஊட்டங்களைப் பிடித்துவைத்து வேருக்குத் தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும் ஆற்றல், அதாவது நேரயனிப் பரிமாற்றத் திறன், அதற்கு 100 கிராமுக்கு 3 முதல் 15 அலகுகளே. கரிசல் மண்ணின் மாண்ட்மோரிலோனைட் களிக்கு அதே அளவு 80 அலகுகளைத் தாண்டும். மட்குக்கோ அதனினும் மிகுதி. ஆகவே கோவில்பட்டியிலோ கோயம்புத்தூரின் கரிசல் பகுதியிலோ தம் மனையின் கறுப்பு மண்ணை வெட்டியெறிந்துவிட்டுச் செம்மண் கொட்டுபவர், ஊட்டத்தைச் சேமிக்க வல்ல மண்ணைக் கொடுத்து, சேமிக்கத் தெரியாத மண்ணை விலைக்கு வாங்குகிறார். கரிசலின் குறை ஊட்டத்திலன்று. ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும் அதன் இயல்பில்தான் உள்ளது. அந்தக் குறைக்கு மேட்டுப்பாத்தியும் மூடாக்கும் போதிய மருந்து.

இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. லாரியில் வந்திறங்கும் செம்மண் பெரும்பாலும் மேல்மண் அன்று. மேல்மண் என்பது மட்கும் உயிரும் செறிந்த முதல் அரை அடி. லாரியில் ஏறுவதோ பல அடி ஆழத்துக்கு வெட்டியெடுத்த அடிமண்ணும் சரளையும். அதில் அங்ககக் கரிமம் மிகச் சொற்பம். இந்திய மண் பரிசோதனை நிலையங்கள் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் குறைந்தால் அதைக் குறைவு என்றும், 0.75 சதவீதத்துக்கு மேற்பட்டால் மிகுதி என்றும் வகைப்படுத்துகின்றன. ஆழத்து அடிமண் முதல் வகைக்குள்ளேயே அடங்கும். அப்படியல்லாமல் பயிர் செய்த வயலின் மேல்மண்ணே வந்து சேர்ந்தால் தொல்லை வேறு வடிவில் வருகிறது. கோரைக்கிழங்கும் பார்த்தீனிய விதையும் அதனோடு இலவசமாக வந்திறங்கும். அவற்றைவிடக் கொடியது, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. வேர்களைத் துளைத்து வாழும் இந்நுண்புழுக்களால் பெரிதும் சீரழியும் பூச்செடி கனகாம்பரம்; ஒருமுறை மண்ணில் புகுந்த நூற்புழுவை வீட்டுத் தோட்டத்திலிருந்து முற்றாக நீக்குவது இயலாத காரியம். செண்டுமல்லியின் வேர்கள் வெளியிடும் வேதிப்பொருள் அவற்றைக் கட்டுப்படுத்தும் என்பதால் பாத்திகளில் அதை ஒரு பருவம் வளர்ப்பதுண்டு. அது குறைக்குமேயன்றி ஒழிக்காது.

செம்மண் இன்றிப் பூ இல்லை என்னும் வாதத்துக்கு இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் ஒன்றே மறுமொழியாகப் போதும். தமிழ்நாட்டின் மல்லிகைத் தோட்டங்களுக்கு நாற்றுகள் பெருமளவில் அங்கிருந்தே செல்கின்றன. அங்குள்ளதோ கடற்கரை மணல். நாற்று வேர்விடுவதற்கு வேண்டியது நீர் தேங்காத நிலமும் தவறாத ஈரமும்தான் என்பதை அம்மணல் மெய்ப்பிக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி செம்மண்ணில் சிறக்கிறது என்பது உண்மையே. ஆனால் அவ்வட்டாரத்து உழவர் எவரும் அதற்காக வேற்றூரிலிருந்து மண் இறக்குவதில்லை, தம் நிலத்து மண்ணைத்தான் ஆண்டுதோறும் எருவிட்டுப் பேணுகின்றனர்.

அடுத்தது மணல். களிமண்ணில் மணலைக் கலந்தால் அது இளகும் என்பது கேட்பதற்கு மிக நியாயமாகப் படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. மணல் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு மிகுந்தால்தான் அவற்றுக்கிடையே பெரிய இடைவெளிகள் உண்டாகும். அதற்குக் குறைந்த அளவில், மணல் துகள் ஒவ்வொன்றும் களியில் புதைந்து கிடக்கும்; களி தன் இயல்பில் சற்றும் மாறாது; முன்பு குருணைகளுக்கிடையே இருந்த வெற்றிடமும் அடைபட்டு, காய்ந்தபின் மண் முன்னிலும் இறுகும். கட்டடத்தில் கலவையை இறுகச் செய்வதற்கே மணல் சேர்க்கப்படுகிறது என்பதை மேஸ்திரிகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 10 அடிக்கு 10 அடியுள்ள ஒரு பாத்தியை அரை அடி ஆழத்துக்குத் திருத்துவதானால் அதிலுள்ள மண் 50 கன அடி. நூற்றுக்கு 45 பங்கு களியுள்ள அம்மண்ணில் சரிபாதி மணலைக் கலந்தாலும் களி 22 பங்குக்குச் சற்று மேலாகவே நிற்கும். ஆகவே குறைந்தது 50 கன அடி, அதாவது மணல் வணிகத்தின் அளவில் அரை யூனிட் வேண்டும். கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோ என்று கொண்டால் 2 டன்னுக்கு மேல். ஒரு சிறு பாத்திக்கு இவ்வளவு ஆற்று மணலைக் கொட்டுவது செலவாலும் அறத்தாலும் தகாது. இப்போது மணலுக்கு மாற்றாகக் கிடைக்கும் எம்-சாண்டிலோ கல்தூளும் கலந்திருக்கும். அத்தூள் இடைவெளிகளை அடைப்பதில் களிக்கு இளைத்ததன்று. நடைமுறையில் பத்துச் சட்டி மணலைத் தூவிக் கொத்திவிட்டு மண் இளகிவிட்டதாக நம்புவோரே மிகுதி. இளகியது கொத்தியதால், அதுவும் அடுத்த மழை வரைக்கும்.

குழி பற்றிய நம்பிக்கைதான் இவையனைத்திலும் ஆழ வேரூன்றியது. மறுக்கப்பட வேண்டியவற்றுள் முதன்மையானதும் அதுவே. இறுகிய மண்ணில் ஒரு குழி தோண்டி, அதைச் சத்துமிக்க இளகிய கலவையால் நிரப்பி, அதன் நடுவே செடியை நட்டால் வேர் சுகமாக இறங்கும் என்று கருதப்படுகிறது. ஆனால் நீர் மண்ணில் நகரும் விதம் இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மண் இயற்பியலாளர் வால்டர் கார்ட்னர், 1950களின் இறுதியில், கண்ணாடிச் சுவர்களுக்கிடையே வெவ்வேறு மண் அடுக்குகளை அமைத்து, நீர் அவற்றினூடே செல்வதைப் படம்பிடித்துக் காட்டினார். நுண்துளை மண்ணிலிருந்து பெருந்துளை மண்ணுக்கு நீர் எளிதாக இறங்கிவிடும் என்பதே பொதுவான எண்ணம். படத்திலோ, மேலுள்ள மண் ஏறத்தாழ முழுதும் நனைந்து நிறையும்வரை நீர் எல்லைக்கோட்டிலேயே தயங்கி நின்றது. பெருந்துளையிலிருந்து நுண்துளைக்குச் செல்லும்போது தடை வேறு வகையானது: களி நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதால், விரைந்து வரும் நீர் அதன்மேல் தேங்குகிறது. களிமண்ணில் தோண்டிய குழியை மணற்பாங்கான கலவையால் நிரப்பியவர் உண்மையில் ஒரு நீர்த்தொட்டியைக் கட்டியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுற்றியுள்ள நிலத்து நீரும் அதில் வந்து வடியும். மூச்சுக்குக் காற்றின்றி வேர் அழுகும். இலை மஞ்சளாகி உதிரும். அதைச் சத்துக்குறை எனக் கொண்டு மேலும் எரு வைப்பதும் நிகழும்.

வேரைப் பொறுத்தவரையிலும் இக்குழி நன்மை செய்வதில்லை. ஓக்லஹாமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கார்ல் விட்கோம் 1970களிலும் 80களிலும் நடத்திய நடவுச் சோதனைகளில், மரங்களுக்கும் புதர்ச்செடிகளுக்கும் குழிமண்ணோடு பல்வேறு பொருள்களைக் கலந்து நட்டதால், தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு நட்டதைவிட மேம்பட்ட பயன் விளையவில்லை. சத்தும் இளக்கமும் உள்ள சிறு வட்டத்தை விட்டு வெளியே செல்ல வேருக்குக் காரணமில்லாமற் போகிறது. தொட்டியில் வளர்வதைப்போலவே அது குழிக்குள் சுற்றிச் சுருள்கிறது. இதற்கு எதிராக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே மல்லிகைக்கு ஓரடிக் குழியும் குழிக்கு 10 கிலோ தொழு உரமும் பரிந்துரைக்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அப்பரிந்துரை, முன்னரே பலமுறை உழுது பண்படுத்திய வயலில், அவ்வயல் மண்ணுடனேயே எருவைக் கலந்து இடுவதற்கானது. குழிக்கு உள்ளும் புறமும் நயம் ஒன்றே. இறுகிய மனையில் தனித்த குழிகளை அயல் மண்ணால் நிரப்புவதற்கு அதைச் சான்றாகக் காட்ட இயலாது. பண்படுத்த வேண்டியது பாத்தி முழுவதையும், குழியை மட்டுமன்று. தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லுகளைப் பரப்பினால் வடிகால் மேம்படும் என்னும் நம்பிக்கையும் இதே இயற்பியலால் வீழ்கிறது: சில்லுக்கு மேலே நீர் தேங்கும் மட்டம் அப்படியே உயர்ந்துகொள்வதால், வேருக்கு எஞ்சும் நல்ல மண்ணின் உயரம்தான் குறைகிறது. துளையை அடைக்காதிருக்க ஒரேயொரு சில்லு போதும்.

ஆழக் கொத்திப் புரட்டுவதைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டியுள்ளது. ஏனெனில் அதற்குப் பின்னால் நீண்ட உழவு மரபு நிற்கிறது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில், உழுத புழுதியை நான்கில் ஒரு பங்காகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டுவதில்லை என்னும் கருத்தும், உழுதலைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்னும் கருத்தும் அடுத்தடுத்த குறள்களில் உள்ளன. கொத்துவோர் முன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டனர் போலும். முன்னதற்கும் அறிவியல் அடிப்படை உண்டு: நன்கு காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்கள் வெகுவாகப் பெருகி, மட்கைச் சிதைத்துத் தழைச்சத்தைத் திடீரென விடுவிக்கும். கிழக்கு ஆப்பிரிக்க மண்களில் இதை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட பிர்ச் என்பவரின் பெயரால் இது பிர்ச் விளைவு எனப்படுகிறது. ஆனால் அவ்வாறு கிடைப்பது வட்டியன்று, முதலிலிருந்து எடுத்துச் செலவழித்தது. எருவும் தழையும் ஆண்டுதோறும் திரும்பச் சேரும் வயலில் அது தாங்கும். சருகைக் கூட்டி எரித்துவிடும் வீட்டுத் தோட்டத்தில் தாங்காது. மேலும், நெல்லும் கேழ்வரகும் ஒரு பருவப் பயிர்கள். அறுவடைக்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடக்கும். மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி ஆகியவையோ பல்லாண்டுச் செடிகள்; அவற்றின் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடிக்குள்ளேயே பரவியிருக்கும். மாதந்தோறும் தூரைச் சுற்றிக் களைக்கொத்தால் ஆழக் கிளறிவிடுவது செடிக்குச் செய்யும் உதவியாகக் கருதப்படுகிறது; உண்மையில் அறுபடுவன அவ்வேர்களே. ஈரமாயிருக்கும் களிமண்ணைக் கொத்துவது இன்னும் கேடு. மண்வெட்டியின் முகம் படும் இடமெல்லாம் துளைகள் மெழுகிட்டதுபோல் அடைபடும்.

ஒருமுறை மட்டும் ஆழக் கொத்துவது தேவையாகும் நிலை உண்டு. கட்டட வேலையின்போது லாரியும் கலவை இயந்திரமும் ஓடி அமுக்கிய மனையில், கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராமை ஒட்டிய அடர்த்தியை எட்டிவிட்ட களிமண்ணில், வேர் நுழையவே முடியாது. அங்கே நடவுக்கு முன், மண் சற்றே ஈரப்பதமாக உள்ள நாளில், கடப்பாரையால் உடைத்து நெகிழ்த்துவது முறை. அதன்பின் அந்நெகிழ்வைக் காக்கும் பணி மண்வெட்டியுடையதன்று.

எருவை யாரும் குறைசொல்வதில்லை. அதனாலேயே அது பற்றிய பிழை கண்டுகொள்ளப்படாமல் போகிறது. எவ்வளவு இட்டாலும் நல்லதே என்னும் எண்ணம், ஏழை நிலத்துக்கு வண்டி எரு அடித்த காலத்தில் தீங்கற்றதாக இருந்தது. பத்துச் செடி உள்ள தோட்டத்தில் மூட்டை மூட்டையாகக் கோழி எரு கொட்டப்படும்போது அப்படியன்று. மல்லிகைச் செடி ஒன்றுக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரமும், 60 கிராம் தழைச்சத்தும், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 120 கிராமும் ஆகும். நன்கு மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 சதவீதம் எனில், அந்த 10 கிலோவிலேயே 50 கிராம் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் கைபோன போக்கில் அள்ளியிடுவது இலையையும் கொடியையும் வளர்க்கும், மொட்டைத் தள்ளிப்போடும். மட்காத சாணத்தைச் செடியடியில் குவிப்பதோ சூட்டாலும் உப்பாலும் வேரைக் கருக்கும். வெண்புழுக்களையும் களைவிதைகளையும் உடன் கொண்டுவரும்.

மணிச்சத்துதான் பூவைத் தரும் என்று டிஏபியையும் எலும்புத்தூளையும் தொடர்ந்து வைப்போர் உண்டு. மணிச்சத்து தழைச்சத்தைப்போல் நீரில் கரைந்து ஓடிவிடுவதில்லை. மண்ணிலேயே தங்கிச் சேரும். ஏற்கெனவே மிகுந்துள்ள மண்ணில் மேலும் இட்டால், இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்வது தடைபடும். வேரோடு கூடிவாழ்ந்து மணிச்சத்தை ஈட்டித் தரும் வேர்ப்பூசணமும் குன்றும். எலும்புத்தூளின் மணிச்சத்து அமில மண்ணிலேயே கரைந்து பயன்தரும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது எலும்பாகவே கிடக்கும். பூக்காமைக்குப் பெரும்பாலும் காரணம் மணிச்சத்தின்மையன்று. வெயில் போதாமையும், கவாத்து செய்யாமையும்தான். குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் வெட்டிவிடாமல் வைத்துக்கொண்டு மண்ணைக் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது.

சமையலறைப் பொருள்களைக் கொண்டு மண்ணைத் திருத்தும் முறைகள் இப்போது பெருகியுள்ளன: முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், தேயிலைச் சக்கை, காபிச் சக்கை என்று பட்டியல் நீள்கிறது. முட்டை ஓடும் சாம்பலும் அமிலத்தைத் தணிப்பவை. நீலகிரியின் அமில மண்ணில், ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கும் உதகையில், அவற்றுக்கு வேலை உண்டு. அங்கே சுண்ணாம்பிட்டால் அப்பூ இளஞ்சிவப்புக்கு மாறுவதே அதற்குக் கண்கூடான சாட்சி. சமவெளியின் பல பகுதிகளிலோ மண்ணே காரத்தன்மை உடையது. அதன்மேல் பைகார்பனேட் நிறைந்த ஆழ்துளைக் கிணற்று நீர் நாள்தோறும் ஊற்றப்படுகிறது. போதாததற்குச் சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்த கட்டட இடிபாடுகளும் மனையில் புதைந்து கிடக்கின்றன. இந்நிலையில் இட்லிப்பூவின் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, ஏனைய பகுதி வெளிறி மஞ்சளாவது இரும்புக்குறை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, கார நிலையில் அது கரையாமற் பூட்டிக் கிடக்கிறது. அங்கே முட்டை ஓட்டைப் பொடித்திடுவது பூட்டின்மேல் இன்னொரு பூட்டு. காபிச் சக்கை அமிலமூட்டும் என்பதும் சரியன்று. அமிலத்தில் பெரும்பகுதி குடித்த காபியோடு போய்விடுகிறது, எஞ்சிய சக்கை நடுநிலையை ஒட்டியே இருக்கும். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டைக் கரைத்து இலைவழித் தெளிப்பது உடனடி நிவாரணம். நிலையான வழி, அச்செடிகளுக்காவது மழைநீரைப் பாய்ச்சுவது. 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட மாநிலத்தில், கூரைநீர் சிறந்த மண் திருத்தி என்பது தோட்டம் வைப்போர் காதில் இன்னும் விழவில்லை. ஜிப்சம் பற்றியும் ஒரு சொல்: சோடியம் படிந்து, கார அமில நிலை 8.5ஐத் தாண்டிய களர் மண்ணில் அது சோடியத்தைப் பெயர்த்து வெளியேற்றி மண்ணை உதிரச் செய்யும். சோடியம் இல்லாத வெறும் களிமண்ணில் பெயர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்படியாயின் இருக்கும் மண்ணை எதனால் திருத்துவது என்ற கேள்விக்கு விடை, வழக்கிலுள்ள அறிவுரை கூட்டித் தள்ளச் சொல்லும் பொருளிலேயே உள்ளது. வேம்பும் புங்கனும் முருங்கையும் உதிர்க்கும் சருகை இரண்டு, மூன்று அங்குலக் கனத்துக்குப் பாத்தியின்மேல் பரப்பி விடுவதை மூடாக்கு என்பர். அது வெயிலைத் தடுக்கிறது, மழைத்துளி மேற்பரப்பை அடித்து இறுக்குவதைத் தடுக்கிறது, ஈரத்தைக் காக்கிறது. இவையனைத்தையும்விட, அடியிலிருந்து மண்புழுவை வரவழைக்கிறது. டார்வின் தம் கடைசி நூலை மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். 1881இல் வெளியான அந்நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று மேற்பரப்புக்கு வருவதாகக் கணக்கிட்டுள்ளார். உதிரும் குருணையை உண்டாக்கும் இவ்வேலைக்கு மண்வெட்டி நிகராகாது. வெப்பமிகுந்த சமவெளியில் மட்கு விரைந்து எரிந்துவிடும் என்பதால், மூடாக்கு ஒருமுறை இட்டு மறக்கத்தக்கதன்று. ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை புதுப்பிக்கப்பட வேண்டியது.

மூடாக்கு கறையானை வரவழைக்கும் என்னும் அச்சம் அடிப்படையற்றதன்று. சருகு தண்டைத் தொடாதபடி ஒரு சாண் விலக்கியும், பாத்தியை அவ்வப்போது நனைத்தும் வந்தால் அது கட்டுக்குள் இருக்கும். மட்காத தென்னை நார்க்கழிவை மண்ணுக்குள் கலப்பது மட்டும் தவிர்க்கத்தக்கது. அதில் கரிமம் தழைச்சத்தைப்போல் 112 மடங்கு. அதைச் சிதைக்கப் புகும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கச் செய்தால் அவ்விகிதம் 24 ஆகக் குறையும். அதன்பின் அது நல்ல உரம். நடவுக்கு முன் ஒரு பருவம் பொறுக்க முடிந்தவர் சணப்பு அல்லது தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் சேர்த்தால், அவற்றின் வேர்முடிச்சுகள் பிடித்த தழைச்சத்தும், ஆழ இறங்கிய வேர்கள் விட்டுச்சென்ற துளைகளும் எந்த லாரியாலும் கொண்டுவர இயலாத சொத்தாகும்.

இவ்வளவு சொன்ன பின்னும், செம்மண் கொட்டிய அயல்வீட்டுத் தோட்டம் முதல் ஆண்டில் செழித்ததே என்பர். செழிக்கத்தான் செய்யும். புதிதாகக் கொட்டிய எந்த மண்ணும் சில மாதங்கள் இளக்கமாக இருக்கும். உடன் கலந்த எருவின் ஊட்டம் ஓராண்டுக்குப் போதும். நட்டவரின் ஆர்வத்தால் நீரும் தவறாது. மட்கில்லாத செம்மண்ணின் உண்மைத் தன்மை இரண்டாம் மழைக்காலத்துக்குப் பின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, ஊற்றும் நீர் உள்ளிறங்காமல் வழிந்தோடும்போதுதான் வெளிப்படும். அப்போது இன்னொரு லாரிக்குச் சொல்லியனுப்பப்படும்.

வெளிமண் நியாயமாகத் தேவைப்படும் இடங்கள் சிலவே. மாடித் தோட்டத்துத் தொட்டிகளுக்கு இயற்கை மண்ணே பொருந்தாது. அங்கே மட்கிய நார்க்கழிவும் மண்புழு உரமும் மிகுந்த இலேசான கலவை வேண்டும். இடிபாடுகளும் சவுடும் அடித்து மேடாக்கிய மனையில், மண் என்று சொல்லத்தக்க எதுவும் ஓரடிக்குள் இல்லாதபோது, கொண்டுவந்தே தீர வேண்டும். அப்போதும் முதலில் தேட வேண்டியது செம்மண்ணை அன்று. மழைநீர் அடித்துவந்து படிவித்த, மட்கு கலந்த ஏரி வண்டலை. அதுவும் நேராகக் கொட்டத்தக்கதன்று: கல்லும் காரையும் பொறுக்கி நீக்கி, முதல் மூன்று அங்குல வண்டலைப் பழைய மண்ணோடு கொத்திக் கலந்து, இரண்டுக்கும் இடையே நீர் தயங்கும் எல்லைக்கோடு இல்லாதபடி செய்து, மீதியை அதன்மேல் பரப்ப வேண்டும். பரப்பிய மறுநாளே நடாமல், ஒரு மழை பெய்து மண் படியும்வரை சணப்பை வளரவிடுவது நலம்.